எந்தப் படி வரைக்கும்?

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு இளையராஜா வந்தார். அர்த்த மண்டபத்தில் கால் வைக்கப் போனவரைப் படிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அங்கேயே நின்று மரியாதையை ஏற்றுக்கொண்டார். சர்ச்சை கிளம்பியது. அர்ச்சகர், பரிசாரகர், மடாதிபதி தவிர மற்றவர்கள் உள்ளே போகும் வழக்கமில்லை என்று அறநிலையத்துறை விளக்கம் தந்தது. தன்னைப் பற்றிப் பரவுவது வதந்தி, சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் தானல்ல என்றார் இளையராஜா. விவகாரம் அடங்கிவிட்டது.

ஆனால் வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கியது அரசுத் துறை என்பதுதான் வேடிக்கை. 70 வருஷத்துக்கு முன்னால் இதே துறை கருவறை வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டது. தடுத்தது உச்ச நீதிமன்றம்.

அந்தக் கதை பக்கத்து ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் ஆட்சியில் தொடங்குகிறது. பி.எஸ்.குமாரசாமி ராஜா காந்தியவாதி. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். அவர் காலத்தில், விசாரணையின்றிச் சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1950இல் உச்ச நீதிமன்றம் போனார். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்றது தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அந்தப் பிரிவை ஆறு நீதிபதிகளும் சேர்ந்து தூக்கியெறிந்தார்கள். கோபாலனுக்கு விடுதலை மட்டும் கிடைக்கவில்லை.  

குமாரசாமி ராஜா அரசு 1951இல் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டத்திலும் அரசுக்கு அளவுமீறிய அதிகாரம் தரும் இப்படியொரு பிரிவு இருந்தது. எந்தக் கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் ஆணையரும் அவருடைய ஆட்களும் நுழையலாம் என்றது 21ஆம் பிரிவு. உடுப்பியின் சிரூர் மடாதிபதி வழக்காடினார். 1954இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அந்தப் பிரிவை ரத்து செய்தார்கள். ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டைக் கொண்டே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்கப்போவது யார்? கோட்டு போட்ட நீதிபதிகள்தானே!

1972இல் உச்ச நீதிமன்றத்தில் சேஷம்மாள் வழக்கு. அர்ச்சகர் பதவி வாரிசுரிமை அல்ல என்ற தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றார்கள். நியமனம் ஆகமத்தை மீறக்கூடாது என்றும் சொன்னார்கள். அரசுக்குப் பாதி, அர்ச்சகருக்குப் பாதி. இந்த இரண்டு கோயில் வழக்குகளிலும் ஒருபுறம் அரசு, மறுபுறம் மடாதிபதியோ அர்ச்சகரோ. படிக்கு வெளியே கைகூப்பி நிற்கும் பக்தன் எந்தக் கட்சியிலும் இல்லை. அவனுடைய வழிபாட்டு உரிமையும் மத உரிமை தரும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

ஆண்டாள் கதையிலும் ஒரு வழக்கம் உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையை மனிதர் சூடினால் அது தீட்டு. மகள் சூடியதைக் கண்ட பெரியாழ்வார் பதறி வேறு மாலை கட்ட, முதல் மாலைதான் வேண்டும் என்றாராம் பெருமாள். இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமலைக்குப் போகிறது.