மலை தெரியற ரூம்

திருவண்ணாமலைக்குப் போகிறீர்கள். ரமணாசிரமம் பக்கத்தில் ரூம் தேடுகிறீர்கள். முதலில் என்ன கேட்பீர்கள்? 'ஜன்னலைத் திறந்தா மலை தெரியுமா?'

அதே மலையில்தான், 1916 வரை சுமார் பதினேழு வருஷம், ரமணர் விரூபாக்ஷ குகையில் இருந்தார். மலை கொடுத்த இடம் அவருக்குப் போதுமாக இருந்தது. நாமோ மலையே நம் ஜன்னலுக்கு வரவேண்டும் என்கிறோம்!

2024 டிசம்பர் 1. கனமழையில் மண் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் வீட்டோடு புதைந்துபோனார்கள். மழை வந்தால் மலைக்கும் இடம் வேண்டும். அடிவாரத்தில் குடியிருக்கும் எல்லோராலும் சட்டென்று வேறு இடம் பார்த்துவிட முடியாது. இரண்டு நாள் தங்கப்போகிற உங்களால் முடியும்.

கிரிவலம் 14 கிலோமீட்டர். மலையைத் தொடாமல், தள்ளி நின்றே சுற்றுகிறோம். பக்திக்குத் தெரிந்த அந்தத் தூரம், ரூம் பிடிக்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது? டவுன் பக்கமே தங்குங்களேன். நடந்தால் மலை தெரியும்!