எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?



திருக்குடும்ப விழாவாகிய இன்று நாம் கேட்ட நற்செய்தி, பிள்ளையைத் தொலைத்துவிட்ட ஒரு தாய் தகப்பனின் கதை. லூக்கா எதையும் மூடி மறைக்கவில்லை. பாஸ்கா முடிந்து எருசலேமிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். ஒரு நாள் நடை முடிந்த பிறகுதான் 12 வயது மகன் கூட்டத்தில் இல்லை என்று தெரிகிறது. உறவுக்காரர்களோடு வருகிறான் என்று நினைத்திருந்தார்கள். அம்மாவோடு இருப்பான் என்று அப்பாவும், அப்பாவோடு இருப்பான் என்று அம்மாவும் நினைப்பது நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். மகனைக் கண்டபோது மரியா, உன் அப்பாவும் நானும் தவித்துப்போய்த் தேடினோம் என்று சேர்த்தே சொல்கிறார். யோசேப்பைப் பார்த்து 'நீர் ஏன் கவனிக்கவில்லை' என்று அவர் கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. கடவுளும் அவர்களிடமிருந்து பிள்ளையைப் பறித்துக்கொள்ளவில்லை. அதே பெற்றோரோடு நாசரேத்துக்குப் போய், அவர்களுக்குக் கீழ்ப்படிந்தே இயேசு வளர்ந்தார்.

எல்லாப் பெற்றோருக்கும் பிள்ளை அப்படித் திரும்பக் கிடைப்பதில்லை. 2019 அக்டோபர் 25 உங்களுக்கு நினைவிருக்கும். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. தீபாவளி நாளிலும் தமிழகம் முழுவதும் கோவில், மசூதி, தேவாலயம் என்று பாராமல் மன்றாடியது. 29ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது. அந்த மீட்புப் பணியைத் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு குடும்பம் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ பெற்ற பிள்ளை பிழைக்க வேண்டுமே என்று பதறிய அந்த நேரத்தில், அவர்களுடைய இரண்டு வயது மகள் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டப்பில் தவறி விழுந்து இறந்துபோனாள்.

அந்தப் பெற்றோரைப் பற்றி எவ்வளவோ பேசினார்கள். நான் அவர்களுக்காக இன்னும் திருப்பலியில் மன்றாடுகிறேன். அடுத்தவர் குழந்தைக்காக உருகியவர்கள் அவர்கள். கடவுள் தண்டித்துவிட்டார் என்று அவர்களைப் பற்றியோ, உங்கள் தெருவில் யாரைப் பற்றியோ தயவுசெய்து சொல்லாதீர்கள். தண்டிக்கிறவரை அல்ல, குழந்தைகளை மடியில் ஏற்றுக்கொள்கிறவரையே நாம் ஆண்டவர் என்று அறிக்கையிடுகிறோம்.

நம் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளுக்கு வீடு சந்திக்கப் போகும்போது என் கண் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது, உண்மை. ஆனாலும் எப்போது நின்றுபோகுமோ என்று பிடித்து வைக்கும் பழக்கம் போகவில்லை. வாசலில் கெமிக்கல் வந்த நீல டிரம், குளியலறையில் டப், முற்றத்தில் சம்ப் எனும் நிலத்தடித் தொட்டி. அந்த சம்ப்பின் மூடி துருப்பிடித்து, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருக்கும். மேலே ஒரு செங்கல் வைத்திருப்பார்கள். நடை பழகும் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். குனிந்து எட்டிப் பார்த்தால் தலைகீழாகப் போய்விடும், நிமிரத் தெரியாது. கை அடிக்கிற சத்தம்கூடக் கேட்காது. அரை டப் தண்ணீர் போதும்.

ஒரு வீட்டில் அப்படி விழுந்த குழந்தையை அப்பா சட்டென்று தூக்கிவிட்டார். இருமி, அழுது, பிழைத்துக்கொண்டது. தாய் இரவு ஷிப்ட் முடித்து வந்து கண் அயர்ந்த நேரம். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். அந்தத் தாய் என்னிடம் சொன்னது இதுதான்: "ஃபாதர், தமிழ்ல, தெலுங்குல, கன்னடத்துல, எல்லாரும் என்னையத்தான் கேட்டாங்க, எங்க பாத்துக்கிட்டு இருந்தேன்னு. ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்கல."

எலத்தகிரி, மத்திகிரி போன்ற ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டில் ஆயா இருந்தார், தெரு முழுக்க அத்தை, சித்தி இருந்தார்கள். இங்கே ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் ஒடிசாக்காரர், இந்தப்பக்கம் பீகார்க்காரர், பெயர்கூடத் தெரியாது. பத்துப் பேர் பார்த்துக்கொண்ட பிள்ளையை இன்று தூக்கமில்லாத ஒரு பெண் தனியாகப் பார்க்கிறாள். அவளிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்?

கம்பெனிகளும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கவும் உரிமை தந்தது. நம் பங்கில் சூப்பர்வைசராக, எச்.ஆராக இருப்பவர்கள் பலர் உண்டு. காண்ட்ராக்ட் பெண்களின் பிள்ளைகளும் அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று நாளைக்கே விசாரியுங்கள். இதுவும் உங்கள் விசுவாச வாழ்வில் சேர்ந்ததுதான்.

அன்பியத் தலைவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். உங்கள் தெருவில் ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள், கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக்கும். டிரம்முக்கு மூடி இருக்கிறதா, சம்ப்புக்குப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பங்கு நிதியிலிருந்து வாங்கிக்கொடுப்போம். அம்மா எந்த ஷிப்ட் என்று கேட்டு, அவள் தூங்குகிற இரண்டு மணி நேரம் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள்.

திருப்பலி முடிந்து உடனே கிளம்பிவிடாதீர்கள். தண்ணீரில் விழுந்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தப்பு. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் நம் சகோதரி பொம்மையை வைத்து இதை மண்டபத்தில் செய்து காட்டப்போகிறார். கைப்பிள்ளைக்காரர்கள் முன்னால் நில்லுங்கள், அப்பாக்களும்தான்.