கொடையும் வேதனையும்

நோயற்ற தேகமொன்றைக் கத்தியால் கீறி, அத்தேகத்துக்கு எள்ளளவும் பயன் தராத காயத்தை உண்டாக்க வைத்தியனுக்குத் தர்மம் இடங்கொடுக்குமா என்ற வினா, 1954 டிசம்பர் 23-இல் பாஸ்டன் நகரில் ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகம் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தப்படுமுன் டாக்டர் ஜோசப் மரேயின் மனத்தை வருத்தியது. சமய குருமார்களிடமும் அவர் யோசனை கேட்டார். பெற்றவர் எட்டாண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை இருந்தார்.

அவ்வினாவுக்குள் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: கொடுப்பவன் படும் வேதனை கொடையின் அங்கமா?

பழைய முறையில் விலாப்புறத்தை ஏறக்குறைய ஒரு சாண் நீளம் கீறி, சில சமயம் பன்னிரண்டாம் விலா எலும்பின் துண்டையும் நீக்கிச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். இருமல் வந்தாலும் விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, கொடுத்தவர் வாரக்கணக்கில் வீட்டில் கிடந்தார். 1995-இல் பால்டிமோரில் லூயி கவூசியும் லாயிட் ராட்னரும் வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்து, சிறு துளைகள் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்தி, அடிவயிற்றுக் கீறல் ஒன்றின் வழியே சிறுநீரகத்தை வெளியே எடுத்தனர். இரத்த ஓட்டம் நின்றபின் சிறுநீரகம் குளிரூட்டப்படும்வரை கழியும் நிமிஷங்கள் இம்முறையில் சற்றுக் கூடுமாயினும், பெற்றவர் உடலில் அது இயங்குவதில் இரண்டு முறைக்கும் பேதம் இல்லையென்றே சொல்லலாம். பேதமெல்லாம் கொடுத்தவரிடத்தில்தான்.

வேதனை குறைந்தால் தியாகமும் குறையும் என்று எண்ணும் பக்திமான்கள் உண்டு. எனக்கு அது சம்மதமன்று. சிபிச் சக்கரவர்த்தியின் பெருமை புறாவைக் காக்கத் துணிந்த சங்கற்பத்திலே இருக்கிறதேயன்றி வாளின் கூர்மையில் இல்லை. மேலும், 1994 முதல் 2009 வரையிலான அமெரிக்கக் கணக்கின்படி, கொடுத்தவர்களில் 10,000-க்கு மூவர் அளவில் 90 நாட்களுக்குள் இறந்திருக்கிறார்கள். அக்காலத்துக்குள் முறை மாறியும் அந்த அபாயம் மாறவில்லை. உயிரைப் பணயம் வைப்பவனுக்கு, தவிர்க்கக்கூடிய வலியையும் கொடுப்பது அதர்மம் என்பேன்.

என்னை உறுத்துவது வேறு. வலி குறையக் குறைய, "சின்னத் துளைதானே, இதற்குக்கூடவா தயக்கம்?" என்று சுற்றத்தார் நெருக்குவதும் சுலபமாகிறது, அந்த வீட்டில் மறுப்பதற்கு நாவெழாத தம்பியோ மனைவியோ இருக்கக்கூடும். அத்தகையவரைத் தனியே அழைத்து விசாரித்து, மனம் இசையவில்லையென்று அறிந்தால், தானத்துக்கு இவர் தகுதியில்லை என்ற அளவில் மட்டும் உறவினரிடம் சொல்லி அனுப்பும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பொய்யென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.