ஊகத்தின் செலவு

ரேம் போதாதபோது லினக்ஸ் சில பேஜ்களை டிஸ்கில் ஒதுக்கிவைக்கும். அதில் ஒன்றைத் திரும்பக் கேட்டால் அருகில் கிடப்பதையும் அள்ளிவரும். வழக்கமாக 8 பேஜ் வரை. எப்படியும் கேட்கத்தானே போறான் என்ற ஊகம். ஹார்ட் டிஸ்க் காலத்தில் நியாயம்தான், அங்கே போய்ச் சேருவதுதானே பெரிய செலவு.

இந்த ஊகத்தை இன்னும் பெரிதாக்கும் ஒரு பேட்சை ரிவ்யூ பண்ணிக்கொண்டிருக்கிறேன். சராசரி வேகம் கூடியிருக்கிறது. ஊகம் தப்பினால்? ஏற்கெனவே இடமில்லை. வேண்டாத பேஜ் உள்ளே வர, வேறு ஏதோ புரோகிராமின் பேஜ் வெளியே போகும். ஊகித்தது ஒருத்தனுக்காக, காத்துக்கிடப்பது இன்னொருத்தன். அவன் யாரென்று சராசரி சொல்வதில்லை.

‘வெளியே போனவங்க கணக்கையும் காட்டுங்க’ என்று எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. என் மெஷின் இந்தப் பேட்சில் நன்றாகவே ஓடுது.