ஆண்டவருடைய பாதங்கள் எங்கே?



நம்மில் பலருடைய வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆண்டவரின் இராப்போசனப் படம் மாட்டப்பட்டிருக்கிறது. அநேகமாக அது லெயொனார்டோ டா வின்சி வரைந்த ஓவியத்தின் பிரதியாகவே இருக்கும். மூல ஓவியம் இத்தாலியில், மிலான் நகரத்துச் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே என்னும் துறவற மடத்தின் உணவறைச் சுவரில் உள்ளது. 1495ஆம் ஆண்டளவில் தொடங்கி 1498 வரையில் அது தீட்டப்பட்டது. எதிர்ச்சுவரிலே மொந்தோர்பானோ வரைந்த சிலுவைக் காட்சி. புனித சாமிநாதர் சபைத் துறவிகள் இவ்விரண்டுக்கும் நடுவில் அமர்ந்தே நாள்தோறும் உணவருந்தினார்கள்.

ஓவியர் ஈரச் சாந்தில் வரையாமல் உலர்ந்த சுவரில் வரைந்தபடியால், வர்ணம் விரைவிலேயே உதிரத் தொடங்கியது. 1652இல் உணவறை வாசலைப் பெரிதாக்குவதற்காக அந்தச் சுவரையே வெட்டினார்கள். வெட்டுண்டவை, மேசைக்குக் கீழே இருந்த ஆண்டவருடைய பாதங்கள்!

1943 ஓகஸ்ட் மாதத்தில் அம்மடத்தின்மீது குண்டு விழுந்தது. உணவறையின் கூரை சரிந்தது. மண்மூட்டைகள் அடுக்கிக் காக்கப்பட்ட ஓவியச் சுவரோ நிலைத்து நின்றது. 1978 முதல் 1999 வரை நிபுணர்கள் அழுக்கை அகற்றி ஓவியத்தைச் சீர்செய்தனர். ஆயினும் அந்தப் பாதங்களை எவராலும் மீட்க முடியவில்லை. குண்டு கொண்டுபோகாததை வீட்டாரின் வசதி கொண்டுபோயிற்று.

அவர்கள் பக்தியற்றவர்களா? இல்லை. நாள்தோறும் செபித்தவர்களே. நாள்தோறும் பார்த்தது கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்பர்களே, குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள் நாம். அந்த நாட்களில் பதுங்குகுழிக்குள்ளும் செபமாலை சொன்ன குடும்பங்கள், இன்று ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு கைத்தொலைபேசியுடன் சாப்பிடவில்லையா? எல்லைவேலிக்காகக் கூடப்பிறந்தவனோடு ஆண்டுக்கணக்கில் பேசாதவர்கள், அதே படத்தின் கீழே சோறு உண்ணவில்லையா?

அந்த இரவில் ஆண்டவர் குனிந்து, தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்தவனுடைய பாதங்களையும் கழுவினார். அவருடைய திருமுகம் நமக்கு வேண்டும். அவர் குனிந்தது மட்டும் நமக்கு வசதிப்படுவதில்லை. அதைத்தான் வெட்டிவிடுகிறோம்.

இன்றிரவு எல்லோரும் ஒன்றாக அமருங்கள். படத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். உங்கள் மேசைக்கு வராமல் நிற்பவர் யாரென்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறு பூசைக்கு முன்பாக, அவருடைய படலையை நீங்களே போய்த் தட்டுங்கள். அங்கே குனிந்து நிற்கும்போது ஆண்டவருடைய பாதங்களைக் காண்பீர்கள்.