அறியாதார் இயற்றும் ஆணை

சட்டத்தை அறியேன் என்று கூறி எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் தப்ப இயலாது. நாகரிக நாடுகள் யாவும் ஒப்புக்கொண்ட நெறி இது. ஆனால், ஒரு பொருளின் இயல்பை அறியாதவர் அப்பொருளுக்கே சட்டம் இயற்றுவாராயின், அந்த அறியாமைக்கு யார் பொறுப்பு? குடிமகனுக்கு மறுக்கப்பட்ட மன்னிப்பு, சட்டம் செய்வோருக்கு மட்டும் உண்டா? இணையதளங்களைப் பற்றிய நம் நாட்டுச் சட்டங்களை நோக்குங்கால் இவ்வினா எழாமற் போகாது.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-இல் செய்யப்பெற்ற திருத்தம் ‘இடைநிலையர்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் தருகிறது. தொலைபேசி நிறுவனம், உலகையே துருவும் தேடுபொறி, இணையச் சந்தை ஆகியவற்றோடு தெருமுனைச் சைபர் கபேயும் அதே வரிசையில் நிற்கிறது. யானைக்கும் எறும்புக்கும் ஒரே அங்குசம்! மைய அரசின் கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இதன் காரணம் விளங்காமலில்லை. பொருள் தெளிவாகத் தெரிந்தவன் விளக்கத்தைக் குறுக்கி எழுதுவான். தெரியாதவனோ, எதுவும் விடுபட்டுவிடலாகாதே என்று அஞ்சி, வலையை அகல வீசுவான்.

அதே திருத்தம் தந்ததுதான் 66-அ பிரிவு. கணிப்பொறி வழியாக ‘மிகவும் புண்படுத்தும்’ செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது அது. பொய்யென்று அறிந்தே ‘எரிச்சல்’ ஊட்டவோ ‘வசதிக்குறைவு’ உண்டாக்கவோ ஓயாமல் செய்தி அனுப்புவோரையும் அதிற் சேர்த்தது. இதன் பூர்விகம் வியப்புக்குரியது. 1935-இல் இங்கிலாந்தில் நிறைவேறிய அஞ்சலகத் திருத்தச் சட்டமே இதன் மூதாதை என்பதை உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. அச்சட்டம் தொலைபேசிச் செய்திகளுக்காகப் பிறந்தது. தொலைபேசி ஒருவர் வீட்டு மணியை அடித்து, அவரை அழைத்துப் பேசுவது. இணையதளமோ சுவரில் ஒட்டிய அறிவிப்புப் போன்றது. விரும்புவோர் வந்து படிப்பர். இவ்வேறுபாட்டை அறியாதார் கையில், முன்னதற்குத் தைத்த சட்டை பின்னதற்கும் மாட்டப்பட்டது.

அதன் விளைவை நம் டாலிகஞ்சிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே கண்டோம். 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படக் காட்சியைத் தழுவி மாநில முதல்வரைப் பற்றி வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் பிறருக்கு அனுப்பினார் என்பதே குற்றச்சாட்டு. 2015 மார்ச் 24-இல் நீதிபதிகள் செலமேசுவரும் நாரிமனும் 66-அ பிரிவை அடியோடு நீக்கினர். நீக்கிய பின்னும் அவர் வழக்கு ஓயவில்லை; 2023 ஜனவரியில்தான் ஆலிப்பூர் நீதிமன்றம் அவரை முற்றிலும் விடுவித்தது. கேலிச்சித்திரம் ஒன்றுக்குப் பதினோராண்டு என்பது சற்று நீளந்தான்.

இதற்கு ஒரு மறுப்புண்டு. மக்கள் பிரதிநிதி எல்லாக் கலையும் கற்றவராதல் கூடுமோ? அணுவாற்றலுக்கும் மருந்துக்கும் சட்டம் செய்கின்றார்களே, அவர்கள் அணுவியலாரா, மருத்துவரா? நியாயமான மறுப்பே. கல்லாமையைக் குற்றமாக்கினால் மக்களாட்சியே நடவாது. ஆயின் வள்ளுவர் அரசியலில் கல்லாமை அதிகாரத்தை அடுத்துக் கேள்வி அதிகாரத்தை வைத்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லாதவனுக்கும் ஒரு வழியை அவர் அடைத்துவிடவில்லை. அறிந்தோரிடம் கேட்டறிக என்கிறார். நாம் குறை கூறுவது கேளாமையைத்தான். 2008 டிசம்பர் 22-இல் மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் அத்திருத்தத்தை விவாதமின்றியே நிறைவேற்றின. தெரியாமை தற்செயல், வினவாமல் கைதூக்குவது அவரவர் செயல்.

பின்னர்ச் சிறிது கற்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் வந்த விதிகள் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட பயனாளர் கொண்ட சமூக ஊடகங்களுக்குத் தனிக் கடமைகளை வகுத்தன. ஆனால் கீழ்வரம்பு ஒன்றை அவை வகுக்கவில்லை. வாசகர் கருத்தெழுத இடந்தரும் இணையதளம் ஒன்றை நம் போன்ற சங்கம் நடத்துவதாகக் கொள்வோம். அச்சங்கமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்துப் பெயரை வெளியிட வேண்டும். முறையீடு வந்த 24 மணி நேரத்துள் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும். அரசோ நீதிமன்றமோ ஆணையிட்டால் 36 மணி நேரத்துள் நீக்க வேண்டும் என்று அன்று விதித்தனர். பெரு நிறுவனத்திற்கு இரவும் பகலும் விழித்திருக்க ஊழியர் உளர். நம் செயலாளரோ பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பவர். துர்க்கா பூஜை விடுமுறையில் ஊருக்கு ரயிலேறினால் இரண்டு இரவுகள் வழியிலேயே கழியும். முறையீடு நியாயமா அன்றா என்று ஆராய அவருக்கு நேரமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அவர் செய்யக்கூடியது இரண்டே: கேட்டவுடன் நீக்குவது, அல்லது கருத்தெழுதும் பக்கத்தையே மூடிவிடுவது. பிரிட்டனில் 2023-இன் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது, சிறு தளங்கள் சிலவற்றை நடத்தியோர் இந்த இரண்டாம் வழியையே தேர்ந்தனர்.

அப்படி மூடப்படும் பக்கம் எந்தக் கணக்கிலும் ஏறாது. கைதானவர் பெயர் செய்தித்தாளில் வரும். எழுதப்படாமற் போன கருத்துக்குச் சாட்சி இல்லை. தில்லியில் விதி வரைவோர் மேசைக்கு, எங்கோ ஒரு செயலாளர் வெறுத்துப்போய்க் கணிப்பொறியை அணைத்த செய்தி என்றும் வந்து சேர்வதில்லை.