விரிப்பின் அடியில்

"விரிப்பைத் தூக்கட்டுமா பாய், இல்லே அப்படியே விட்டுடட்டுமா?"

உத்திரமேரூரில் ஒரு டிங்கர் பட்டறையில், சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் நம்மை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி இது. தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் காரை விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. வாங்க முன்வந்தவர் அண்டைக் கிராமத்து விவசாயி. மனைவி மக்களோடு காஞ்சிபுரம் வரை போய்வர ஒரு பழைய வண்டி போதும் என்று எண்ணியவர். கைமாற்றுமுன் மேற்பூச்சைச் சற்றே மினுக்கிக் கொடுக்கலாம் என்றுதான் பட்டறைக்குப் போயிருந்தோம். பட்டறைக்காரர் முதியவர். வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, கீழே கிடந்த ரப்பர் விரிப்பின் மேல் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

அதன் பொருள் நமக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நாணம் வந்தது. தூக்கினால் பார்த்தாக வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வாங்குபவரிடம் சொல்ல வேண்டிவரும். தூக்காமலே விட்டுவிட்டாலோ, "அடியில் எப்படி இருக்கிறதோ எனக்குத் தெரியாது, உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பள்ளிவாசலில் நின்றுகூடச் சொல்லலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யாக இராது. பொய்யே பேசாமல் ஒருவரை ஏமாற்றுவதற்குரிய வசதியைத்தான் அந்த முதியவர் நமக்கு மரியாதையோடு எடுத்துக் காட்டினார். ஒரு தேநீர் குடிக்கும் நேரம் நாம் பேசாமல் நின்றோம் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பட்டறைச் சங்கதிதானே என்று இதைத் தள்ளிவிட இயலாது. வணிகத்தால் வாழ்ந்த சமூகம் நம்முடையது. ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் வணிகம் முதல் காயல்பட்டினத்தாரின் கல் வணிகம் வரை, பொருளின் குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருந்திருக்கிறது: தோலின் உட்புறத்தில் விழுந்த கத்தி வெட்டு, கல்லின் உள்ளே படிந்த மாசு. தெரியாத பக்கத்தைப் பற்றி விற்பவன் எவ்வளவு அறிந்திருக்கக் கடமைப்பட்டவன் என்பது நம் பாட்டனார் காலத்துக் கேள்வியே.

காரின் அடித்தகடு என்பது கால் வைக்கும் பலகை மட்டுமன்று. சென்னையில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன் மேல் அமர்ந்திருக்கும். அம்பாசிடர் அப்படிப்பட்டதன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதி தொடங்கி 2014 மே மாதம் வரை உருவான அந்த வண்டிக்கு உடலே சட்டம். அடித்தகடும், கதவுகளின் கீழே நீண்டு செல்லும் பெட்டி போன்ற விளிம்புகளும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. இருக்கை அந்தத் தகட்டில்தான் முடுக்கப்பட்டிருக்கிறது. எனவே அங்கே துரு என்பது அழகுக் குறையன்று. மோதலின்போது இருக்கை நிற்குமா, பெயர்ந்துவிடுமா என்ற கேள்வி. அந்த விவசாயியின் பிள்ளைகள் அமரப்போவது அதன் மேல்.

துருவின் இயல்பும் வியப்புக்குரியது. அலுமினியமும் காற்றில் மாசடைகிறது. ஆனால் அதன் மேல் படியும் மெல்லிய படலமே அடுத்த அடுக்குக்குக் கவசமாகிவிடும். இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள நல்ல இரும்பை மீண்டும் காற்றுக்கும் ஈரத்துக்கும் காட்டிக்கொடுக்கிறது. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், ஒட்டவைத்த இரண்டு தகடுகளுக்கு இடையில் புகுந்தால் அவற்றை நெம்பிப் பிரிக்கவும் செய்கிறது. பழைய காரில் ஈரம் கீழிருந்து மட்டும் வருவதில்லை. முன்கண்ணாடியின் ரப்பர் காய்ந்து வெடித்த இடத்தில் மழைநீர் கசிந்து உள்ளே இறங்கும். விரிப்பின் அடியிலுள்ள சணல் மெத்தை அதை உறிஞ்சி வாரக்கணக்கில் வைத்திருக்கும். மேலே விரிப்பு காய்ந்து சுத்தமாக இருக்கும்.

மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது என்றதும் வாசகர் உள்ளம் எங்கே செல்லும் என்பதை நாம் அறிவோம். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிம் நூலில் காண்கிறோம். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவினார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் உரியவர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள் பெருமானார்.

எத்தனையோ முறை மிம்பரிலிருந்து கேட்ட நிகழ்ச்சி. ஆயினும் அந்த வணிகரின் விடையை நாம் சற்று விரைவாகவே கடந்துவிடுகிறோம் என்று தோன்றுகிறது. மழை பெய்தது என்று அவர் கூறியது உண்மை. மழை அவர் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்கலாகாது என்றும் அங்கே சொல்லப்படவில்லை. குறை எங்கிருந்து வந்தது என்று அவர் பதில் சொன்னார். குறை எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வியாக இருந்தது. நம் வண்டியின் துருவும் நாம் செய்ததன்று. முப்பதுக்கும் மேற்பட்ட வடகிழக்குப் பருவமழைகள் செய்தவை. அதனால் என்ன?

நாட்டின் சட்டம் இவ்வளவு தூரம் வருவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில், வெறும் மௌனம் மோசடியாகாது என்ற விதியை ஒரு குதிரையை வைத்து விளக்குகிறது. குதிரை நோய்ப்பட்டது என்று அறிந்தும் ஒருவன் அதை ஏலத்தில் விடுகிறான்; வாயைத் திறக்கவில்லை; மோசடி இல்லை. அடுத்த எடுத்துக்காட்டுத்தான் நம்மை நிறுத்திவிட்டது. வாங்குபவள் அவனுடைய சொந்த மகள், இப்போதுதான் பருவ வயதை எட்டியவள் என்றால், உறவின் காரணமாக அவன் சொல்லியே தீர வேண்டும் என்கிறது அதே சட்டம். மகளுக்குச் சொல்ல வேண்டும். அயலானுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தை நாம் குறைகூறவில்லை; வழக்காடு மன்றங்கள் எல்லார் மௌனத்தையும் விசாரிக்க முடியாது. ஆனால் மதீனத்துக் கடைத்தெருவில் தானியம் வாங்க வந்தவர் எவரோ ஓர் அயலார்தாம்.

நம் ஃபிக்ஹு நூல்களும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கின்றன. மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. எந்தக் குறைக்கும் தாம் பொறுப்பல்ல என்று விற்பவர் முன்னரே கூறிவிட்டால்? ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் அது பெரிதும் சுருங்கிவிடுகிறது: உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்து கிடந்த, விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே பொருந்தும் என்பது ஏற்கப்பட்ட கருத்து. ஒப்பந்தம் செல்லுமா என்பதில்தான் இந்த வேற்றுமை. அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு தரப்பாருக்கும் ஐயமில்லை.

அறிந்த குறை. டிங்கரின் கேள்வி நின்றது இந்தச் சொல்லின் மேல்தான். அறியாமைக்கு விலக்கு உண்டென்றால், அறியாமையைப் பாதுகாத்துக்கொள்வதற்கும் உண்டா? ஆட்டின் வயிற்றுக்குள் இருப்பதை எவர் காண்பார்? ரப்பர் விரிப்போ ஒரு கையால் தூக்கக்கூடியது. அதைத் தூக்காமலிருப்பவன் அறியாதவன் அல்லன். அறிவு தன்னை வந்து அடையாதபடி வாசலில் காவல் வைத்தவன். மேலும், உள்ளே என்ன இருக்கும் என்று ஏறத்தாழ உணராதவன் அந்தக் காவலை வைக்கவே மாட்டான். மழை பெய்தது அவனுக்குத் தெரியும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் துணி வணிகராய் இருந்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைச் சுட்டிக்காட்டி, சொல்லியே விற்க வேண்டும் என்று தம் கூட்டாளியிடம் பணித்தார்கள். கூட்டாளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. கிடைத்த தொகை முழுவதையும் இமாமவர்கள் தருமம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மறதியை எந்த மன்றமும் மன்னித்திருக்கும்.

பழைய வண்டி என்றாலே துரு இருக்கும், வாங்குபவர் அதையும் கணக்கிட்டுத்தானே விலை பேசுகிறார், ஆகவே உண்மையைச் சொல்கிறவன் இரட்டை நட்டம் அடைகிறான் என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதிட்டார். வாதம் பொய்யன்று, அந்த நட்டம் மெய்யாகவே உண்டு. ஆனால் வாங்குபவர் கணக்கிடுவது பொதுவாகப் பழைய வண்டிகளின் துருவை. இந்த வண்டியின் துருவை அறியும் வாய்ப்பு நமக்கு மட்டுமே இருந்தது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. மெத்தையைத் துவைத்து, நறுமணம் தெளித்து, அவற்றுள் சில கைமாறியபோது, வாங்கியவர் மழையைக் கண்டிருந்தார். வண்டி அதில் நின்றதைக் காணவில்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது புதிய பாடமாக இருக்கக் கூடாது. இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட குடவோலை விதிகளைக் காண நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வருகிறார்கள். ஏரி வாரியம், பொன் வாரியம் என்று அமைத்த அந்தச் சபை, வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்றது; அவருடைய நெருங்கிய உறவினர் பலருக்கும் அதே தடை. பொய்க் கணக்கு எழுதினார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. காட்டாமல் இருந்ததே போதும்.

நாம் விரிப்பைத் தூக்கச் சொன்னோம்.

சணல் மெத்தை கையோடு பிய்ந்து வந்தது. முதியவர் திருப்புளியின் முனையால் குத்தினார். தகடு அப்பளம் போல நொறுங்கி, துளை வழியே பட்டறைத் தரை தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் குதிகாலை ஊன்றி ஓட்டிய இடம். அடுத்து அவர் கேட்டதும் கேள்வியே: மேலே ஒரு தகட்டை வைத்து ஓரம் பற்றவைத்து மூடிவிடுவதா, நல்ல இரும்பு வரும்வரை அறுத்துவிட்டுப் புதிது போடுவதா? முதலாவது அரை நாள் வேலை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் துருவின் மேல் வைத்த தகடு, துருவோடு ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. மூடாமல் விட்டிருந்தால் ஆகும் நாளைவிட விரைவில் அது பக்கத்து நல்ல தகட்டையும் தின்றுவிடும் என்றார்.

அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று தொடங்கும் திருமறையின் 83-ஆவது அத்தியாயம் அப்போது நினைவுக்கு வந்தது. அதே அத்தியாயம், தீர்ப்பு நாளைப் பொய்யாக்குவோரைப் பற்றிப் பேசுகையில், அவர்கள் சம்பாதித்தவை அவர்களின் உள்ளங்கள் மேல் படிந்துவிட்டதைக் குறிப்பிடுகிறது. அங்கே ஆளப்படும் அரபுச் சொல்லுக்குத் துருவென்றும் உரையாசிரியர்கள் பொருள் சொல்வர். தராசில் தொடங்கிய பேச்சு உள்ளத்தின் துருவுக்கு வந்து சேர்வது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

அறுக்கச் சொல்லிவிட்டோம். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை இறக்கி, பிரேக் குழாயை ஒதுக்கிய பின்பே தீயைத் தொட்டார். தகட்டை அறுக்குமுன் கதவு வாசலின் குறுக்கே ஒரு குழாயைப் பற்றவைத்தார். இல்லாவிடில் தாங்கல் இழந்த உடல் தொய்ந்து, பிறகு கதவு சாத்தவே வராதாம். ஒரு பக்கம் முடிந்தபின்தான் மறுபக்கம். புதுத் தகட்டில் பழையதைப் போலவே வரிகளை அடித்து எடுத்தார். வரியில்லாத தகடு பறை போல அதிரும். பற்றவைப்பையும் ஒரே கோடாக இழுக்கவில்லை. இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு, ஆறவிட்டு மீண்டும். சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் மெல்லிய தகடு நெளிந்துபோகும். பின்னர் துத்தநாகப் பூச்சு, இணைப்புகளில் பசை, அடிப்புறத்தில் கருப்புப் பூச்சு. எல்லாம் முடிந்ததும் அதே ரப்பர் விரிப்பு அதன் மேல் கிடந்தது.

வாங்குபவரை வேலையின் நடுவிலேயே அழைத்துத் திறந்த அடியைக் காட்டினோம். செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதென்று பேச்சாயிற்று. இடப்பக்கத்து விளிம்பு மட்டும் மீதி. இன்னும் இரண்டு மழை தாங்கும், அதற்கு மேல் தாம் சொல்ல மாட்டேன் என்றார் பட்டறைக்காரர். விற்பனைத் தாளில் அதையும் ஒரு வரியாக எழுதினோம். விவசாயி அதை இருமுறை படித்தார்.

"வாயாலே சொன்னா போதாதா பாய், இதைப் போய் எழுதணுமா?" என்றார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுதியதுதான் எழுதிவிட்டீர்கள், அதற்காக இன்னுமோர் இரண்டாயிரம் குறையுங்கள் என்று கேட்டார். குறைத்தோம்.